மூன்று பேட்டைப் பள்ளிகளும் மருமகன் போட்ட அட்டவணையும்

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறவர்கள், ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்களைக் காட்டிலும் அதிகச் சிரத்தையோடும், அவர்களைக் காட்டிலும் குறைவான ஆதாரங்களோடும் அந்தக் காரியத்தில் இறங்குகிறார்கள் என்பது என்னுடைய வெகுநாளைய அபிப்பிராயம். அபிப்பிராயமாக மட்டும் இருந்ததை எரிச்சலாக முற்றச் செய்த பெருமை என் மருமகனைச் சேரும்.

அக்காள் மகன். வள்ளியூர்ப் பக்கம். உத்தியோகம் மாற்றலாகி ஜூன் மாதத்துக்குள் குடும்பத்தோடு பம்பாய் வந்து சேரவேண்டியவன் (முப்பது வருஷமாக மும்பை என்று எழுதச் சொல்கிறார்கள், கை கேட்கிறது, வாய் கேட்கமாட்டேன் என்கிறது). எட்டாம் வகுப்புக்குப் போகிற ஒரு பெண் குழந்தை. செம்பூரில் காரியாலயம். வீடு பார்ப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் பார்க்கவேண்டும் என்ற விவேகம் அவனுக்கு இருந்ததை நான் மெச்சிக்கொண்டிருந்தபோதே, மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்று பேட்டைகளிலும் உள்ள உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்திய ஓர் எக்செல் அட்டவணை என் கைப்பேசியில் வந்து இறங்கிற்று.

கட்டணம், தூரம், பஸ் உண்டா, மைதானம் உண்டா, ஏசி உண்டா... கடைசிக் கட்டத்தில், மஞ்சள் வர்ணம் பூசி, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சதவீதம். அதை வைத்துத்தான் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தான்.

"மாமா, இதுல எதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா, பக்கத்துலயே வீட்டைப் பாத்துருவேன்."

"ஏல, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் ஒண்ணுகூட இதுல காணலையே?"

"அது நமக்கு எதுக்கு மாமா?"

"உங்க அம்மை படிச்சது எந்தப் பள்ளிக்கூடம்?"

"அது கவர்மெண்டு ஸ்கூல்தான். ஆனா அது ஊரு மாமா. இது பம்பாய்லா!"

ஊரிலே அரசுப் பள்ளிக்கூடம் என்றால் அம்மா படித்த இடம். நகரத்திலே அதே சமாசாரம் அட்டவணையில் ஏறவே யோக்கியதை இல்லாத இடம். இந்த மனோபாவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம். ஆனால் அன்றைக்கு என்னை அதிகமாக உறுத்தியது அந்த மஞ்சள் கட்டம்.

அன்பர்களே, மகாராஷ்டிரத்து எஸ்.எஸ்.சி. என்கிற பத்தாம் வகுப்புப் பரீட்சையின் மாநிலத் தேர்ச்சி விகிதத்தைக் கொஞ்சம் பாருங்கள். 2022 இல் 96.94. 2023 இல் 93.83. 2024 இல் 95.81. நடுவில் 2021 என்று ஒரு வருஷம்: கொரோனா காரணமாகப் பரீட்சையே நடக்கவில்லை, பள்ளிகள் கொடுத்த உள்மதிப்பீட்டை வைத்து முடிவு அறிவித்தார்கள், அப்போது 99.95! பரீட்சை எழுதாமல் இருந்தால் அநேகமாக எல்லோரும் தேறிவிடுவார்கள் என்ற அரிய உண்மையை உலகுக்கு அறிவித்த வருஷம் அது. மாநிலம் முழுவதுமே தொண்ணூற்றைந்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது, ஒரு பள்ளி தொண்ணூற்றெட்டும் இன்னொரு பள்ளி நூறும் வாங்கியதைக் கொண்டு எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று நிர்ணயிக்க முடியுமா? தேறுவதற்கு வேண்டியது முப்பத்தைந்து மார்க்கு. நூறு சதவீதம் என்றால் எல்லோரும் முப்பத்தைந்தாவது வாங்கினார்கள் என்பதுதான் அர்த்தமே தவிர, வேறு யாதொரு விசேஷமும் அதில் இல்லை.

சரி, 'எல்லோரும்' என்றேனே, அந்த எல்லோரும் யார்?

விஷயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 இல் அமலுக்கு வந்ததிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு குழந்தையையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று இருந்தது. 2019 இல் சட்டத்தைத் திருத்தி, மகாராஷ்டிரமும் 2023 இல் விதியை மாற்றி, ஐந்திலும் எட்டிலும் பரீட்சை வைத்து நிறுத்தலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அது வேர்பிடிக்க நாளாகும். ஆகையினால் எட்டு வருஷகாலம் ஒரு தடையுமில்லாமல் மேலே மேலே வந்துகொண்டிருந்த குழந்தைக்கு முதல் தடை ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. அங்கே அதைப் பிடித்து நிறுத்துவதற்குப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரமும் இருக்கிறது, பத்தாம் வகுப்பு முடிவு கெடக்கூடாதே என்ற கவலையினால் வேண்டிய ஆசையும் இருக்கிறது. அதிகாரமும் ஆசையும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஒன்பதில் கணக்கிலே தடுமாறுகிற பையனின் தகப்பனாரைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். "இங்கேயே இருந்தா ஃபெயிலாயிடுவான். எல்.சி. வாங்கிட்டுப் போயிடுங்க. இல்லேன்னா பதினேழாம் நம்பர் ஃபார்ம் போடுங்க, ஒரு வருஷம் மிச்சம்" என்று உபகாரம் செய்வதுபோல் சொல்கிறார்கள். எல்.சி. என்பது பள்ளியை விட்டு விலகும்போது கொடுக்கிற சான்றிதழ். பதினேழாம் நம்பர் ஃபார்ம் என்பது பள்ளியில் படிக்காமல் தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பம். வேலைக்குப் போகிறவர்களுக்கும், இடையிலே படிப்பை விட்டுவிட்டுப் பிற்பாடு புத்தி வந்தவர்களுக்கும் அது ஒரு வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் அதையே வெளியேற்றும் வாசலாக உபயோகிக்கிற பள்ளிகளும் இந்த ஊரில் உண்டு. (எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். அந்தப் பள்ளி மருமகன் அட்டவணையில் மேலே, மிகவும் மேலே இருக்கிறது!)

போனவன் போனபின், மீந்தவர்கள் எழுதுகிறார்கள். எல்லோரும் தேறுகிறார்கள். நூறு சதவீதம். வாசலில் பானர்.

இது பம்பாய்க்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. இடைநின்றவர்கள் ஒருவர்கூட இல்லை என்று கணக்குக் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பில் ஆயிரம் பேராக இருந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது முந்நூறு பேருக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கிறார்களே, எங்கே போனார்கள் என்று 2003 இல் பத்திரிகைகள் கேட்டபோது குட்டு வெளிப்பட்டது. நம் தமிழ்நாடு மாத்திரம் என்ன? முதலிடம், இரண்டாமிடம் என்று படம் போடுகிற கூத்து தாங்காமல் 2017 இல் அரசாங்கமே தரவரிசை அறிவிப்பை நிறுத்திற்று. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் முடிவுகளைப் பட்டியலாக வெளியிட்டுப் பார்த்து, உள்ளே வந்த குழந்தையின் நிலையைக் கணக்கில் எடுக்காமல் வெளியே போகிற மார்க்கை மட்டும் ஒப்பிடுவதில் நியாயமில்லை என்ற ஞானம் மெல்ல மெல்லப் பிறந்து, குழந்தை எங்கிருந்து எதுவரை முன்னேறிற்று என்று அளக்கிற முறையை 2016 இல் கொண்டுவந்தார்கள். அதிலும் குறை உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். கேள்வியையாவது சரியாகக் கேட்டார்கள்.

எங்கிருந்து வந்தது குழந்தை? இந்தக் கேள்விக்கு நம் மூன்று பேட்டைகளும் மூன்று விதமாகப் பதில் சொல்லும்.

1896 இல் பிளேக் வந்து பம்பாய் நடுங்கிப்போய், 1898 இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்து, தாதர், மாட்டுங்கா பக்கம் அகலமான தெருக்களும் மரங்களும் காற்றோட்டமுமாகத் திட்டமிட்டு ஒரு புதுப் பிரதேசத்தை உண்டாக்கினார்கள் அல்லவா, அங்கே வந்து குடியேறியவர்களில் கணிசமானவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறிய குமாஸ்தாக்கள். வந்தவர்களுக்குக் கோயில் வேண்டியிருந்தது, காப்பி வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. 1932 இல் எம்.வி. வெங்கடேச்வரன் என்பவர் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை (நாம் எல்லோரும் எஸ்.ஐ.இ.எஸ். என்கிறோமே, அதுதான்) மாட்டுங்காவில் ஆரம்பித்தபோது படிக்க வந்தவர்கள் நாலே பிள்ளைகள். 1934 இல் வடாலாவில் தென்னிந்திய நலச் சங்கம். 1960 இல் சயானில் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி. பிழைக்க வந்தவர்கள், கேட்பாரில்லாத தங்கள் குழந்தைகளுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட ஸ்தாபனங்கள் இவை. இன்றைக்கு அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் ஓர் இடம் கிடைப்பதைக் குடும்ப கௌரவமாகப் பேசுகிறோம்.

மத்திய ரயில்வேத் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே போனால் தாராவி. இங்கே வந்தவர்களும் நம்மவர்கள்தாம்; திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். 1887 இல் பள்ளிவாசல், 1913 இல் பிள்ளையார் கோயில், 1924 இல் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிக்கூடம். வருஷத்தைக் கவனித்தீர்களா? மாட்டுங்காவில் நாலு பிள்ளைகளோடு பள்ளி ஆரம்பமாவதற்கு எட்டு வருஷம் முந்தியே, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிற தாராவியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது! பின்னாளில் தட்சிண மாற நாடார் சங்கத்தார் காமராஜர் நினைவாக ஆங்கில உயர்நிலைப் பள்ளி ஒன்றையும் அங்கே ஸ்தாபித்தார்கள். சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நிற்க நேர்ந்து, பிற்பாடு ஊர் ஊராகப் பள்ளி திறந்தவரின் பெயர். தாராவிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

செம்பூர் ஒரே செம்பூர் அல்ல. சுத்திகரிப்பாலைகளும் உரத் தொழிற்சாலையும் அணுசக்தி நிலையமும் வந்தபோது கூடவே வந்த உத்தியோகஸ்தர்களின் செம்பூர் ஒன்று. 1962 இல் ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி தொடங்கிச் சங்கீத சீசன் நடத்துகிறதே, அந்தச் செம்பூர். கொஞ்சம் கிழக்கே போனால், 1976 இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனியை இடித்து ஜனங்களை லாரி லாரியாகக் கொண்டுபோய் இறக்கிய சீத்தா கேம்ப் ஒன்று. அங்கேயும் தமிழ் கேட்கலாம். இரண்டுக்குமாக மருமகன் போட்டிருந்தது 'செம்பூர்' என்ற ஒரே தலைப்பு. (அதன் கீழே இரண்டு இடத்துப் பள்ளிகளையும் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சீத்தா கேம்ப்பை எடுத்துவிட்டான்.)

அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிற இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடத்தை ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கவேண்டும். ஆனால் சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தக் கடமை இல்லை என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. மொழிச் சிறுபான்மையை மாநிலத்தை வைத்துத்தான் தீர்மானிக்கவேண்டும் என்பது 2002 ஆம் வருஷத்துத் தீர்ப்பு. எனவே மகாராஷ்டிரத்தில் தமிழர்கள் சிறுபான்மை. மெத்தச் சரி. இதன் பலன் என்னவென்றால், தாராவியிலிருக்கிற ஏழைத் தமிழ்க் குழந்தை தண்டவாளத்துக்கு அந்தப் புறம் சிறுபான்மை அந்தஸ்து இல்லாத சாமானியத் தனியார் பள்ளியிலே சட்டத்தைக் காட்டி இடம் கேட்கலாம். தமிழ்ச் சிறுபான்மை அந்தஸ்துப் பெற்ற பள்ளியிலே கேட்க முடியாது. தமிழன் என்ற காரணத்தால் கிடைத்த சலுகை, தமிழ்க் குழந்தைக்கே கதவைச் சாத்துகிறது. பிரியப்பட்டுத் திறந்துவிட யாரும் தடை சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

நான் சொல்வது ஏதோ புஸ்தகத்தில் படித்த ஞானம் என்று எண்ணிவிடாதீர்கள். நான் தாராவி லேபர் கேம்ப்பில் வளர்ந்தவன். ஏழு வரைக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. இந்த மாநகராட்சி மராத்தி, இந்தி, ஆங்கிலம், உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இதற்கு ஈடாக இன்னொரு நகரசபையைச் சொல்லுங்கள் பார்க்கலாம்! ஆனால் ஏழு முடிந்ததும் எங்களுக்குக் காலடியில் தரை முடிந்துபோயிற்று. எட்டாம் வகுப்பில் ஒரே நாளில் பூகோளம், சரித்திரம், விஞ்ஞானம் எல்லாம் இங்கிலீஷுக்கு மாறின. வீட்டிலே தமிழ், தெருவிலே பம்பாய் இந்தி, வகுப்பிலே இங்கிலீஷ், பரீட்சைக்கு மராத்தி வேறே. என் பெஞ்சில் என்னைவிடக் கணக்கிலே கெட்டிக்காரனாக இருந்தவன் அந்த வருஷம் மழைக்காலம் முடிவதற்குள் நின்றுவிட்டான். அவன் எந்தப் பள்ளியின் தோல்விக் கணக்கிலும் இல்லை. பரீட்சையே எழுதாதவன் எப்படித் தோற்பான்?

மருமகனை உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பம் எதைத்தான் மாமா பாக்கணும்ங்கிய?" என்றான்.

நியாயமான கேள்வி. வீடு பார்க்க அவன் வந்திருந்த சமயம் அது. இரண்டு பேருமாகக் கிளம்பிப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "எட்டாம் வகுப்பில் இத்தனை பேர் இருந்தார்களே, அதே பிள்ளைகளில் எத்தனை பேர் இங்கேயிருந்தே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள்?"

செம்பூரில் ஒரு பள்ளி. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரெல்லாம் முதல் மார்க்குப் பிள்ளைகளின் படம். கேள்விக்குப் பதில் வரவில்லை. பெற்றோர் என்ன படித்திருக்கிறீர்கள், வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள், பாப்பாவுக்கு ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா என்று எதிர்க்கேள்விகள் வந்தன. எட்டாம் வகுப்புவரை அப்படிச் சோதித்துச் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டொனேஷன் வாங்கக்கூடாது என்று மகாராஷ்டிரத்தில் 1987 முதல் தனிச் சட்டமும் இருக்கிறது. சொன்னேன். அந்த அம்மாள் புன்னகை செய்தார்.

மாட்டுங்காவில் ஒரு பள்ளி. குமாஸ்தா மிகவும் மரியாதையானவர். "சார், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லையே" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். அதுவே ஒரு பதில்.

தாராவிக்கு மருமகன் அரை மனசாகத்தான் வந்தான். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய படிக்கட்டில் ஏறினோம். காலை ஷிஃப்ட் விடுகிற நேரம், மதிய ஷிஃப்ட் ஏறுகிற நேரம். (அந்தப் படிக்கட்டை யாராவது ஒரு நாள் படம்பிடிக்கவேண்டும்.) தலைமையாசிரியை கேள்வியைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் ஜெனரல் ரிஜிஸ்டரை எடுத்துவந்து மேஜைமேல் விரித்தார். ஒவ்வொரு குழந்தையும் எந்தத் தேதியில் சேர்ந்தது, எந்தத் தேதியில் எல்.சி. வாங்கிற்று, காரணம் என்ன என்பதெல்லாம் எழுதியிருக்கிற கனத்த புஸ்தகம் அது. மகாராஷ்டிரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இருக்கும். விரலை வைத்துக்கொண்டு வாசித்தார்: "இவங்க ஊருக்கே போயிட்டாங்க. இவங்க அப்பா நாலாசொப்பாராவுல வீடு வாங்கிட்டாரு. இந்தப் பொண்ண மூணு தடவை வீட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வந்தோம், நாலாவது தடவை வீடு பூட்டியிருந்துச்சு. இவன் ஒன்பதுல ஃபெயிலு, திரும்ப இங்கயே உக்கார வச்சோம், போன வருஷம் எழுதினான்." சதவீதம் என்ன என்று மருமகன் கேட்டான். நூறு இல்லை. ஆனால் கணக்கில் வராத குழந்தை ஒன்றுகூட அந்த மேஜையில் இல்லை.

நான் பார்த்தவற்றுள் மேலான பள்ளி அதுதான். என் தீர்ப்பு இது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மாநகராட்சியையும் விட்டுவிடக் கூடாது. 2020 முதல் 'மும்பை பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் வைத்து, மாட்டுங்கா வுல்லன் மில் பள்ளியில் ஐ.சி.எஸ்.இ., 2021 இல் செம்பூர் அஜீஸ் பாக்கில் சி.பி.எஸ்.இ. என்றெல்லாம் தொடங்கியிருக்கிறார்கள். இலவசம். சீருடை, காலணி, பை முதலாகப் பொருள்களும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இடத்துக்கு அடிதடி, குலுக்கல் போட்டு எடுக்கிறார்கள். கார்ப்பரேஷன் பள்ளி நமக்கு எதற்கு என்றவர்களும் வரிசையில் நிற்பதாகக் கேள்வி. சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றாத பழைய பள்ளிக்கூடங்களில் தமிழ் வகுப்புகள் ஒவ்வொன்றாக மெலிவதைப் பார்க்கும்போது அந்தச் சந்தோஷம் முழுசாக இறங்கமாட்டேன் என்கிறது.

இனி மருமகன் கதை. தாராவியில் சேர்த்துவிட்டான் என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும், நடக்கவில்லை. அவன் வீட்டுக்காரி இங்கே வந்து நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வாளாம். (அது நியாயம். இத்தனை நாளும் அவளை யாருமே கேட்கவில்லை!) ஆனால் அட்டவணையில் மஞ்சள் கட்டத்தை அழித்துவிட்டு, 'எட்டிலிருந்து பத்து' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறான். பதில் சொன்ன பள்ளிகளுக்கு எண், சொல்லாத பள்ளிகளுக்கு ஒரு கோடு. கோடுதான் அதிகம். வீடு சயானில் பார்த்தாயிற்று. மூன்று பேட்டைக்கும் அது நடு.

பாக்கியிருப்பது மராத்தி. 2020 ஆம் வருஷச் சட்டப்படி எந்த போர்டாக இருந்தாலும் பத்தாம் வகுப்புவரை மராத்தி படித்தாகவேண்டும். குழந்தைக்கு இந்தியே தெரியாது, மராத்தி எழுத்து எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. சயான் பக்கம், தமிழ் தெரிந்து மராத்தி சொல்லிக்கொடுக்கிற டீச்சர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமானால் கீழே எழுதுங்கள். ஜூனுக்கு முன்னால் வேண்டும்.